ஃபோனை வீட்டில் வைத்துவிட்டு வாட்ச்சை மட்டும் கட்டிக்கொண்டு போகலாமா?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது: "அண்ணே, மீன் வாங்கி அனுப்புற தொழில். விடியக்காலை பாம்பன், அப்புறம் மண்டபம், சில நாள் வள்ளத்துலயும் போவேன். ஃபோன் ரெண்டு தடவை தண்ணில விழுந்துருச்சு. சவூதியில இருக்குற மச்சான் செல்லுலார் ஆப்பிள் வாட்ச் வாங்கிட்டு வர்றேங்கிறார். என்கிட்ட ஐபோன் இருக்கு. அதை வீட்டுல வச்சுட்டு வாட்ச்சை மட்டும் கட்டிக்கிட்டா நாள் முழுக்க ஓடுமா? சிக்னலை நம்பலாமா?"

தம்பி, ஊருக்குள் ஓடும். ஏலம் நடக்கும் இடத்தில் பாதி ஓடும். கடலில் ஓடாது. இந்தக் கடற்கரையில் டவர் வேலையில் கிடந்தவன் என்பதால் காரணத்தையும் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காரணம் தெரிந்தால் எந்த இடத்தில் நம்பலாம், எந்த இடத்தில் கூடாது என்று நீங்களே முடிவு செய்துகொள்வீர்கள்.

முதலில், இந்த வாட்ச் தனி ஃபோன் கிடையாது. உங்கள் ஐபோன் எண்ணையே அதற்குள் இருக்கும் இ-சிம்மும் பகிர்ந்துகொள்கிறது. அழைப்பு வந்தால் இரண்டும் அடிக்கும். ஐபோன் பக்கத்தில் இருந்தால் வாட்ச் புளூடூத்தில் அதோடு ஒட்டிக்கொள்ளும். ஐபோன் இல்லை, தெரிந்த வைஃபை இருக்கிறது என்றால் அதில் ஏறும். இரண்டும் இல்லாதபோதுதான் தன் சொந்த 4ஜி-யை எழுப்பும். அப்படி மாறுவதும் கண் இமைக்கிற நேரத்தில் நடக்காது. வீட்டை விட்டு பைக்கை எடுத்தவுடன் ஒருவர் கூப்பிட்டால், அந்த இடைவெளியில் அழைப்பு வாட்ச்சுக்கு வராமலே போகலாம். உங்கள் தொழிலில் அந்த ஒரு அழைப்பு ஒரு பெட்டி கணவாயின் விலையாகவும் இருக்கலாம்.

இந்தியாவில் ஆப்பிள் வாட்ச்சுக்கு செல்லுலார் சேவை 2018 மே மாதம் ஜியோவிலும் ஏர்டெல்லிலும் தொடங்கியது. ஐபோனும் வாட்ச்சும் ஒரே நிறுவனத்தில் இருக்க வேண்டும். நம் பக்கம் பலர் கடலுக்குப் போகும்போது பி.எஸ்.என்.எல். சிம் ஒன்றைத் தனியாக வைத்திருப்பார்கள். அந்த எண்ணை வாட்ச்சில் ஏற்றிக்கொள்ளலாம் என்ற நினைப்பில் இருந்தால் கடைக்குப் போய்க் கேட்காமல் வாட்ச் வாங்க வேண்டாம்.

இப்போது சிக்னல் விஷயம். ஃபோனில் 4ஜி மெலிந்தால் ஏர்டெல் போன்ற நெட்வொர்க்கில் அது சத்தமில்லாமல் 2ஜி-க்கு இறங்கிவிடும். இணையம் செத்துப்போனாலும் பேச்சு ஓடும். வள்ளத்தில் இருந்துகொண்டு "நெட் வரல, ஆனா பேசலாம்" என்று சொல்கிறோமே, அது இதுதான். ஆப்பிள் வாட்ச்சில் 2ஜி கிடையாது. 4ஜி இருக்கிறது, 3ஜி இருக்கிறது. ஏர்டெல் 3ஜி-யை 2019இல் மூடத் தொடங்கி முடித்துவிட்டது. ஜியோவிடம் 2ஜி, 3ஜி இரண்டும் எப்போதுமே இருந்ததில்லை. ஆக, 4ஜி போனால் வாட்ச் வெறும் கடிகாரம். "என் ஃபோன்ல இங்க எப்பவும் பேசுவேனே" என்ற அனுபவம் வாட்ச்சுக்குச் செல்லாது. அந்த அனுபவத்தில் எவ்வளவு 2ஜி கலந்திருந்தது என்று நமக்கே தெரியாது.

அடுத்தது ஆண்டெனா. ஃபோனில் ஆண்டெனாவை நீட்டிப் போட ஒரு சாண் அளவு இடம் இருக்கிறது. அதுவும் இரண்டு, நான்கு என்று வைக்கிறார்கள். வாட்ச்சில் அந்த இடமே இல்லை. 2017இல் சீரிஸ் 3 வந்தபோது திரையையே ஆண்டெனாவாகப் பயன்படுத்தியதாக ஆப்பிள் சொன்னது. இடத்துக்கு அவ்வளவு நெருக்கடி. நம்மூரில் தூரம் போகிற அலை 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த பேண்டுகள். அலை தாழத் தாழ ஆண்டெனா நீளமாக இருக்க வேண்டும். அதாவது எது தூரத்துக்கு உதவுமோ, அதில்தான் வாட்ச் மிகவும் சிரமப்படுகிறது. போதாக்குறைக்கு அது மணிக்கட்டோடு ஒட்டிக் கிடக்கிறது. உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர், அலையைக் குடித்துவிடும்.

இதனால் டவரிலிருந்து வருவதைக் கேட்பதைவிட, டவருக்குத் திருப்பிச் சொல்வதுதான் வாட்ச்சுக்குக் கஷ்டம். டவர் பல வாட்டில் கத்துகிறது, உயரத்தில் நின்று கத்துகிறது. வாட்ச்சோ, ஃபோனோ அதிகபட்சம் 200 மில்லிவாட்டில்தான் பதில் சொல்ல அனுமதி. ஃபோனில் அந்த 200-இல் கணிசமான பங்கு காற்றில் ஏறும். வாட்ச்சில் ஆண்டெனாவும் மணிக்கட்டும் தின்றது போக மிச்சம் ஃபோனின் பங்கில் பத்தில் ஒன்றாகக்கூட இறங்கலாம். திறந்தவெளியில் சக்தி பத்தில் ஒன்றானால் எட்டும் தூரம் ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகிவிடும். ஃபோன் ஒன்பது கிலோமீட்டர் வரை பேசும் திசையில் வாட்ச் மூன்றில் திணறும் என்பது இந்தக் கணக்கு.

திரையில் தெரியும் பச்சைப் புள்ளிகள் இதைக் காட்டாது. அவை டவர் சொல்வது வாட்ச்சுக்கு எவ்வளவு கேட்கிறது என்பதை மட்டும் காட்டும். வாட்ச் சொல்வது டவருக்குக் கேட்கிறதா என்று காட்டும் புள்ளி எந்த வாட்ச்சிலும் இல்லை.

குந்துகால் ஜெட்டியின் கடைசியில் நின்று பார்த்தால் இது நன்றாகத் தெரியும். ஐபோனை விமான முறையில் போட்டுவிட்டு, வாட்ச்சிலிருந்து வீட்டுக்கு ஒரு அழைப்பு. மறுமுனைக் குரல் கண்ணாடி மாதிரி தெளிவாக வருகிறது. நாம் பேசினால் அங்கே "ஹலோ... ஹலோ... என்ன சொல்ற, வெட்டி வெட்டி வருது" என்கிறார்கள். கையைத் தொங்கப்போட்டு உடம்புக்குப் பின்னால் கொண்டுபோனால் இன்னும் மோசம். நெஞ்சுக்கு முன்னால் மணிக்கட்டைத் தூக்கி, முகத்தை மண்டபம் பக்கம் திருப்பினால் அதே இடத்தில் பேச்சு சேர்ந்துகொள்கிறது. புள்ளிகள் மூன்று நிலையிலும் ஏறக்குறைய ஒன்றுதான். "எனக்கு நல்லா கேக்குது, உனக்குத்தான் கேக்கல" என்று யாராவது எரிச்சலோடு சொன்னால் வாட்ச் கட்டியிருக்கிறாரா என்று பாருங்கள்.

ஏலத்தில் வேறு ஒரு தொல்லை உண்டு, அது சிக்னல் சம்பந்தப்பட்டதே இல்லை. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் பாம்பன் தெற்குவாடியில் நின்று மணிக்கட்டில் இருக்கும் மைக்கில் விலை பேசிப் பாருங்கள். காற்று இரைச்சல், ஐஸ் உடைக்கும் சத்தம், ஏலக்காரர் குரல். உங்கள் விலை மட்டும் மறுமுனைக்குப் போகாது. போனால் நாலு பேருக்கும் சேர்த்துக் கேட்கும். காதில் புளூடூத் இயர்பட் இல்லாமல் வாட்ச்சில் வியாபாரம் பேசுவது நடக்கிற காரியமில்லை. இன்னொன்று, வாட்ச்சில் கேமரா கிடையாது. நண்டைத் தட்டில் கொட்டிப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால்தான் கேரள வியாபாரி விலை சொல்வார் என்ற காலம் இது. ஆப்பிள் வாட்ச்சுக்கு வாட்ஸ்அப் செயலி வந்ததே 2025 நவம்பரில்தான். அதுவும் ஐபோனைச் சார்ந்த துணைச் செயலி. யு.பி.ஐ.யை மறந்துவிடுங்கள். வங்கிச் செயலி ஃபோனில் இருக்கும் சிம்மிலிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பித்தான் உங்களை உறுதி செய்கிறது. அந்தப் பிணைப்பு வாட்ச்சுக்கு நகராது.

ஓ.டி.பி. கதையும் அப்படியே. வெளியே வாட்ச்சில் எஸ்.எம்.எஸ். வர வேண்டுமானால் பெரும்பாலும் வீட்டில் இருக்கும் ஐபோன் ஆன் ஆகி, வைஃபையிலோ மொபைல் நெட்டிலோ இருக்க வேண்டும். மற்ற செயலிகளின் அறிவிப்புகளுக்கும் அதே நிபந்தனை. ஆகவே வீட்டில் வைத்துவிட்டுப் போகும் ஐபோனைச் சார்ஜில் போட்டு வையுங்கள். கரண்ட் போய் வைஃபையும் போனால் ஐபோனின் சொந்த நெட் கை கொடுக்கும். அது சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டால் வாட்ச்சில் பெரும்பாலும் குரல் அழைப்புதான் மிஞ்சும்.

பாம்பன் பாலத்தில் நடப்பது பலருக்குப் புதிராக இருக்கும். 1988இல் திறந்த சாலைப் பாலத்தின் உச்சியில் வண்டியை நிறுத்தினால் நாலு பக்கமும் திறந்த வெளி, மண்டபம் டவர்கள் தெரியும், பாம்பன் டவர்கள் தெரியும். சிக்னல் பிய்த்துக்கொண்டு வர வேண்டும். ஆனால் அங்கேதான் பேச்சு உடையும். பல டவர்கள் ஒரே அளவில் கேட்கும்போது ஒன்றின் சத்தம் இன்னொன்றுக்கு இரைச்சல். கருவி எதோடு ஒட்டுவது என்று தாவிக்கொண்டே இருக்கும். ஃபோன் தன் கூடுதல் ஆண்டெனாக்களை வைத்து அந்த இரைச்சலைக் கொஞ்சம் கழித்துக்கொள்ளும். வாட்ச்சுக்கு அந்த வசதி குறைவு. பாலத்தில் அழைப்பை எடுக்காதீர்கள். இறங்கிய பிறகு கூப்பிடுங்கள். வண்டி ஓட்டிக்கொண்டு மணிக்கட்டைத் தூக்கிப் பேசுவதற்கு அந்தப் பாலமும் அந்தக் காற்றும் சரியான இடமும் அல்ல.

ராமேசுவரம் தாண்டி முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் போனால் கதை மாறும். இரண்டு பக்கமும் கடல், நடுவே மணல். அரிச்சல்முனை வரை சாலை 2017இல் வந்துவிட்டது; சிக்னலை அந்த நம்பிக்கையில் எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கிருந்து தலைமன்னார் முப்பது கிலோமீட்டருக்குள்தான். தண்ணீருக்கு மேல் அலை தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வரும், சில மாலை நேரங்களில் காற்றின் வெப்ப அடுக்குகளால் வளைந்து இன்னும் தூரம் வரும். நம் நெட்வொர்க் மெலிந்த இடத்தில் ஃபோன் இலங்கை டவரைப் பிடித்துக்கொண்டு "வெல்கம் டு ஸ்ரீலங்கா" என்று வரவேற்பு அனுப்புவதைச் சுற்றுலாப் பயணிகள் வேடிக்கையாகச் சொல்வார்கள். ரோமிங் ஆன் ஆகியிருந்தால் பில்லில் அது வேடிக்கையாக இருக்காது. ஐபோனில் நெட்வொர்க்கை நாமே தேர்ந்தெடுத்துப் பூட்டி வைக்கலாம். வாட்ச்சில் செல்லுலார் அமைப்புக்குள் போய் டேட்டா ரோமிங்கை அணைத்து வைத்துவிடுங்கள். சீரிஸ் 5-இலிருந்து வாட்ச்சும் வெளிநாட்டு ரோமிங்கில் ஏறக்கூடியது என்பதால் இதைச் சொல்கிறேன்.

கடலுக்கு வருவோம். நாற்பது மீட்டர் உயர டவர், தண்ணீரிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் உங்கள் மணிக்கட்டு. பூமியின் வளைவையும் காற்றில் அலை லேசாக வளைவதையும் மட்டும் கணக்கில் எடுத்தால் இரண்டும் ஒன்றையொன்று முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரை "பார்க்க" முடியும். இந்தக் கணக்கைக் கேட்டுவிட்டுத்தான் சிலர் கச்சத்தீவுப் பக்கம் வரை சிக்னல் கிடைக்கும் என்று பேசுவார்கள். ஆனால் 4ஜி-யில் நேரக் கணக்கு ஒன்று உண்டு. கருவி முதன்முதலில் டவரின் கதவைத் தட்டும் சின்ன சமிக்ஞை குறிப்பிட்ட நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். வழக்கமாக வைக்கும் அமைப்பில் அதன் எல்லை 14 கிலோமீட்டர் சொச்சம். டவரை அதற்காகவே மாற்றி அமைத்தால் ஒழிய, அதற்கு அப்பால் புள்ளிகள் தெரியும், அழைப்பு ஏறாது. இது ஃபோனுக்கும் பொருந்தும். வாட்ச் அந்த எல்லையைத் தொடுவதற்கு முன்பே சக்தி போதாமல் விழுந்துவிடும்.

இதோடு உப்புத் தண்ணீர். வலையை இழுக்கும்போது மணிக்கட்டு தண்ணீருக்குள் போனால் அந்த நொடி நெட்வொர்க் கிடையாது. கடல் நீர் மின்சாரத்தைக் கடத்தும். இந்த அலைகள் அதில் சில சென்டிமீட்டரிலேயே அடங்கிவிடும். பாம்பன் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கப் போகும் பெண்களுக்காக ஒருவர் இதே கேள்வியை என்னிடம் கேட்டதுண்டு: முங்கி எடுக்கும்போது ஆபத்தென்றால் வாட்ச் கூப்பிடுமா என்று. நீருக்குள் கூப்பிடாது. தலையும் கையும் வெளியே வந்த பிறகு, தீவுக்கும் கரைக்கும் இடையில் 4ஜி இருந்தால், முயலும். தண்ணீர் தாங்கும் என்று அட்டையில் போட்டிருப்பது வாட்ச் கெடாது என்பதற்கு. ரேடியோ வேலை செய்யும் என்பதற்கு அல்ல.

அதனால் வள்ளத்தில் போகும் நாளில் வாட்ச்சை உயிர்காப்புக் கருவியாக எண்ணவே கூடாது. படகில் வி.எச்.எஃப். ரேடியோ இருந்தால் அவசரத்துக்கு 16ஆம் சேனல். கரைக்கு எட்டும் தூரத்தில் ஃபோன் இருந்தால் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமப் போலீசுக்கு 1093. விசைப்படகுகளில் இருப்பிடத்தையும் அவசரச் செய்தியையும் அனுப்பும் இஸ்ரோ தொழில்நுட்ப டிரான்ஸ்பாண்டர் பொருத்துகிறார்கள். அது செயற்கைக்கோள் வழி, டவரே வேண்டாம். வாட்ச் அல்ட்ரா 3-இல் செயற்கைக்கோள் செய்தி வசதி இருக்கிறதே என்று மச்சான் சொன்னால், இந்தியாவில் அந்தச் சேவை கிடையாது என்று சொல்லுங்கள். துரையா, இரிடியம் மாதிரியான சாட்டிலைட் ஃபோனை அங்கிருந்து கொண்டுவரச் சொல்லிவிடாதீர்கள். அனுமதியில்லாமல் வைத்திருப்பது இங்கே சட்டவிரோதம், அதுவும் இந்தக் கடற்கரையில் அது சின்னக் கேஸாகப் போகாது. வாட்ச்சின் ஜி.பி.எஸ். மட்டும் சிக்னல் இல்லாமலும் வேலை செய்யும். வந்த வழியைப் பார்த்துத் திரும்ப அது உதவும். அந்த ஒன்றுக்காகக் கட்டிக்கொண்டு போங்கள், ஆட்சேபணை இல்லை.

பேட்டரியைப் பற்றி விளம்பரத்தில் சொல்லும் "நாள் முழுக்க" என்பதைப் பிரித்துப் பாருங்கள். சீரிஸ் 6 போன்ற மாடல்களுக்கு ஆப்பிள் சொன்ன 18 மணி நேரக் கணக்கில் சொந்த எல்டிஇ-யில், அதாவது 4ஜி-யில், இருப்பது 4 மணி நேரம்தான். மீதி 14 மணி நேரம் ஐபோனோடு புளூடூத்தில். எல்டிஇ-யில் தொடர்ந்து பேசினால் ஒன்றரை மணி நேரம். சிக்னல் மெலிந்த இடத்தில் வாட்ச் முழுச் சக்தியில் கத்தும், அப்போது இன்னும் குறையும். விடியக்காலை நாலு மணிக்குக் கட்டினால், ஏலம் முடிந்து லாரி ஏற்றி முடிப்பதற்குள் சிவப்புக் கோடு காட்டலாம். மண்டபத்தில் ஏதாவது ஒரு கடையில் சார்ஜர் ஒன்றை நிரந்தரமாக வைத்துவிடுங்கள். உப்புக் காற்று ஸ்பீக்கர் ஓட்டைகளில் படிந்து சத்தத்தை அமுக்கும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். டவரில் இரும்புக் கிளாம்பையே தின்றுவிடுகிற காற்று அது.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. இப்போதைய ஐபோனில் *3001#12345#* போட்டு அழைத்தால் உள்ளிருக்கும் அளவுகள் திறக்கும். அதில் ஆர்.எஸ்.ஆர்.பி. என்று, டவர் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதைச் சொல்லும் ஓர் எண் இருக்கும், மைனஸில். நீங்கள் வழக்கமாக நிற்கும் இடங்களில், மீன் எடை போடும் இடம், ஐஸ் கம்பெனி வாசல், லாரி நிற்கும் இடம், ஒவ்வொன்றிலும் பாருங்கள். மைனஸ் 95-க்கு மேலே, அதாவது 80, 90 என்று இருந்தால் வாட்ச் அங்கே தாராளமாகப் பேசும். மைனஸ் 105-ஐத் தாண்டி 110 பக்கம் போகும் இடத்தில் ஃபோன் இழுத்துப்பிடித்துப் பேசும், வாட்ச்சை நம்ப மாட்டேன். இந்த எல்லை என் பழக்கத்தில் வந்தது, எந்த நிறுவனமும் அச்சடித்துக் கொடுத்ததல்ல. புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றி, கரண்ட் நிறுத்திய நாளில் அதே இடத்தில் திரும்பப் பார்த்தால் எண் வேறாக இருக்கும்; பக்கத்து டவர் பேட்டரி தீர்ந்து படுத்திருக்கும், தூரத்து டவர்தான் ஓடும்.

உங்களுக்கு நான் சொல்லும் ஏற்பாடு இது. வாட்ச்சைக் கட்டிக்கொள்ளுங்கள், ஐபோனையும் கொண்டுபோங்கள், ஆனால் சட்டைப் பையில் வேண்டாம். நீர்புகாப் பையில் போட்டு பைக்கின் பெட்டியிலோ மீன் எடை போடுகிறவரிடமோ இருக்கட்டும். கையில் மீன் வாடையோடு ஃபோனை எடுக்க வேண்டியதில்லை, தண்ணீரில் விழாது. வாட்ச் பக்கத்தில் இருக்கும்வரை ஐபோனின் ஆண்டெனாவில் பேசும், தள்ளிப்போனால் தன் சொந்தத்தில் பேசும். வாட்ச் மட்டும் என்று போவதானால் பள்ளிவாசல், கோயில், கல்யாணம், பஜார், காலை நடை. அங்கெல்லாம் கவலையே இல்லை.

மச்சானிடம் சொல்ல வேண்டியது: ஜி.பி.எஸ். மட்டும் உள்ள மாடலும் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும், செல்லுலார் மாடலா என்று பெட்டியில் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலான செல்லுலார் மாடல்களில் பக்கவாட்டுத் திருகியில் சிவப்பு வளையம் இருக்கும். வாட்ச்சின் பின்பக்க மாடல் எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, ஆப்பிள் தளத்தில் அந்த எண்ணுக்கு உரிய 4ஜி பேண்டுகளில் 3, 5, 8, 40 இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவுக்கென்று செய்த பழைய மாடல்களை யாராவது குறைந்த விலைக்குத் தருகிறேன் என்றால் வேண்டாம். அங்கே ஓடும் பேண்டுகள் வேறு. பில்லை இ-சிம் ஏற்றி, பாம்பனில் நின்று ஒரு அழைப்பு பேசிப் பார்க்கும்வரை தூக்கிப்போடாமல் வைத்திருக்கட்டும்.